தேர் போன தடத்தில் ஒரு தெரு வரலாறு: கோவை டவுன்ஹால் பகுதியில் வரலாற்று நாள் நடத்துவது எப்படி?

[காட்சி: விடியற்காலை ராஜவீதி. கடைகள் திறக்கவில்லை. தேர்நிலைத் திடலில் மூடப்பட்டு நிற்கும் தேர்.]

கோனியம்மனின் தேர் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் இந்தத் திடலிலிருந்து புறப்பட்டு, ராஜவீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி ஆகியவற்றைச் சுற்றி மீண்டும் நிலைக்கு வந்து சேர்கிறது. தங்கள் பகுதியின் வரலாற்றை அறிய ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்ய விரும்புவோர் முதலில் கேட்பது, "எந்த வழியாக நடப்பது?" என்பதுதான். டவுன்ஹால் பகுதியில் அந்தக் கேள்விக்குத் தேரே விடை சொல்லிவிடுகிறது. பழைய ஊரின் நடுப்பகுதி எதுவரை இருந்தது என்பதை எந்த வரைபடத்தையும்விடத் தெளிவாக அந்தத் தேர்த்தடம் காட்டுகிறது.

[காட்சி: ஒப்பணக்கார வீதி. பள்ளிவாசலின் முகப்பு.]

ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல் இருக்கிறது. தேர் இவ்வழியே வரும் நாளில் பக்தர்களுக்கு இஸ்லாமியர்கள் தண்ணீர் வழங்குவதை இவ்வூர் மக்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். இதிலிருந்து சற்று விலகிச் சென்றால் பெரிய கடை வீதியில் புனித மைக்கேல் பேராலயம். ஒரு காலை நேரத்திற்குள் நடந்து முடிக்கக்கூடிய தொலைவில், கோனியம்மன் கோயிலையும் சேர்த்து, மூன்று வழிபாட்டிடங்கள் அமைந்திருப்பது இந்த ஊர்ப்பகுதியின் பெருஞ்சிறப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே நடையில் வருவோர் மூன்றின் முன்பும் நின்று செல்ல வேண்டும்.

[காட்சி: விக்டோரியா மண்டபம், மணிக்கூண்டு.]

கோயம்புத்தூர் 1866-இல் நகராட்சியாயிற்று. விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவின் நினைவாக, சே. ப. நரசிம்மலு நாயுடுவின் பெருமுயற்சியுடன், 1892-இல் இந்த மண்டபம் எழுந்தது. இன்று மாநகராட்சி மன்றம் கூடுவதும் இங்கேதான். டவுன்ஹால் என்று பேருந்து நடத்துநர் குரல் கொடுக்கும்போது அவர் குறிப்பிடுவது இந்த மண்டபத்தின் பெயரையே என்பதைப் பிள்ளைகளிடம் இந்த இடத்தில் நின்று சொன்னால், அவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

அருகிலுள்ள வெரைட்டி ஹால் சாலைக்கும் அத்தகைய ஒரு கதை உண்டு. திருச்சியில் ரயில்வே வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னர் 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அது பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியபோதும், சாலை மட்டும் முதல் பெயரை விடாமல் வைத்திருக்கிறது.

நடை எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அது வரலாற்று நாளின் பாதி வேலைதான். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் மேடைக்கும் பொன்னாடைக்கும் நேரம் போய்விடுகிறது. உண்மையில் ஒரு மேசையும், ஒரு ஸ்கேனரும், பொறுமையாகக் கேட்கும் இரண்டு இளைஞர்களும்தான் அந்த நாளின் உயிர்.

[காட்சி: மேசைமீது பழைய புகைப்படங்கள், பஞ்சாலை அடையாள அட்டை, திருமண அழைப்பிதழ்.]

வீட்டிலுள்ள பழைய புகைப்படங்கள், பஞ்சாலை அடையாள அட்டைகள், கடைப் பில்கள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றைக் கொண்டுவருமாறு ஒரு மாதம் முன்பே வீடு வீடாகச் சென்று சொல்ல வேண்டும். கொண்டுவந்தவர் அருகில் இருக்கும்போதே 600 டிபிஐ (ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேனரில் நகலெடுத்து, மூலத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "நாளை தருகிறோம்" என்று ஒரு படத்தைக்கூட வாங்கி வைக்கக் கூடாது. ஒன்று தொலைந்தாலும் அடுத்த ஆண்டு யாரும் மேசைக்கு வரமாட்டார்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் அப்படியே படம் எடுத்தால் போதும். படத்தில் இருப்போர் யார், எந்தத் தெரு, ஏறத்தாழ எந்த ஆண்டு, கொண்டுவந்தவருக்கு என்ன உறவு ஆகிய நான்கையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த நான்கும் இல்லாத படம், இருபது ஆண்டுகளில் யாரோ ஒருவரின் படமாகிவிடும்.

[காட்சி: திண்ணையில் அமர்ந்த முதியவர், எதிரே கைப்பேசியுடன் ஓர் இளம்பெண்.]

பெரியவர்களிடம் பேசும்போது, "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லா இருந்ததுங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "இந்த முக்கில் முன்னே என்ன கடை இருந்ததுங்க, ஐயா?" என்று இடத்தைச் சுட்டிக் கேட்டால், கடைக்காரர், அவருடைய தராசு, தீபாவளிக் கூட்டம், மில் சங்கு ஊதிய நேரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். இந்நகரைப் பிளேக் நோய் வாட்டிய காலத்தைப் பற்றித் தம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இருக்கலாம். அந்நோயின் பெயராலேயே பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோவையில் இன்றும் இருப்பதால், அங்கிருந்து கேள்வியைத் தொடங்கலாம். பதிவின் தொடக்கத்திலேயே பேசுபவரின் சம்மதத்தை அவர் குரலில் பதிவுசெய்வதும், எழுத்தில் பெயர்க்கும்போது "இல்லீங்க", "ஆமாங்க" என்ற கொங்குப் பேச்சைத் திருத்தாமல் விடுவதும் கட்டாயம்.

கோயம்புத்தூர் நாளாகக் கொண்டாடப்படும் நவம்பர் 24-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில், காலை ஆறரை மணிக்கு நடையைத் தொடங்கினால், கடைவீதி விழிப்பதற்குள் சுற்றி முடித்து, பத்து மணிக்கு மேசையைப் போட்டுவிடலாம். ஒலிபெருக்கி இல்லாமல் குரல் எட்ட வேண்டும் என்பதால் ஒரு குழுவில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். மாலையில், நகலெடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டு, அவை எடுக்கப்பட்ட அதே வீதியில், அந்தந்தக் கடைக்காரரின் அனுமதியுடன், கதவோரம் ஒட்டி வையுங்கள்.

[காட்சி: கடைக் கதவோரம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதன் முன் நின்று விரலால் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டும் மூதாட்டி.]