ஒன்றாம் நம்பரில் காற்று வரவில்லை

வணக்கம், நேயர்களே.

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி மலை ஏறுகிறீர்கள். ஆடிச் சாரல். காருக்குள் ஐந்து பேர், எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கிறது. எஸ் வளைவுக்கு வரும்போது முன் கண்ணாடி உள்பக்கம் மோர் ஊற்றியது போல வெளுத்துவிடும். எதிரே தடி லாரி இறங்குகிறதா, பாதை காலியாக இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். கூலிங் காயிலில் பட்ட காற்று தன் ஈரத்தை அங்கேயே தண்ணீராக விட்டுவிட்டு, உலர்ந்து கண்ணாடிக்குப் போகிறது. அப்படித் தள்ளிக்கொடுப்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் புளோயர் என்கிற ஒரு சின்ன மோட்டார். அதனால்தான், புளோயர் சத்தம் போடுகிறது, காற்று குறைகிறது என்று யாராவது வந்து நின்றால், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொன்னால் எப்படிக் கேட்பேனோ அப்படித்தான் கேட்டுக்கொள்வேன்.

செங்கோட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். 26 வருடமாக இதே வேலை. எங்கள் ஊர் 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். இன்றைக்கும் கடை வாசலில் நிற்கும் வண்டிகளில் பாதி கேரளப் பதிவுதான். இந்தப் பாதையில் ஓடும் வண்டிக்குத் தனியாக ஒரு பாடு உண்டு. சுரண்டை, ஆய்க்குடிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே புழுதியைக் குடித்துவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆரியங்காவு, தென்மலை ஈரத்துக்குள் நுழைந்துவிடும். புனலூர் வரை சுமார் 50 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் புழுதியும் ஈரமும் புளோயர் கூட்டுக்குள் சேர்ந்து சேறாகிவிடுகின்றன.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனிக் கடைசியில், புனலூர்க்காரர் ஒருவர் தன் டாக்ஸியோடு வந்தார். "அண்ணாச்சி, ஒண்ணு, ரெண்டு, மூணு எதுலயும் காத்து இல்ல. நாலுல மட்டும் அடிக்குது" என்றார். இதைக் கேட்ட மாத்திரத்தில் எந்த எலக்ட்ரீஷியனும் ரெசிஸ்டர், அதாவது கரண்டை மட்டுப்படுத்தி வேகத்தைக் குறைக்கும் பாகம், போய்விட்டது என்று சொல்லிவிடுவார். சுவிட்சைத் திருகிப் போடும் பழைய முறை ஏசியில், முதல் மூன்று வேகத்துக்கும் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். நாலாவதில் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும். ஆகவே நாலில் மட்டும் ஓடினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, ரெசிஸ்டர் உள்ளே அறுந்துவிட்டது என்று அர்த்தம். சரியான பதில்தான். ஆனால் அவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல், ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து மூன்று ரெசிஸ்டர்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். எட்டு மாதத்தில் மூன்று. வேறு வேறு கடைகளில் மாற்றியவை. மூன்றிலும் ஒரே இடத்தில் கறுப்பு.

ஒரு பாகம் திரும்பத் திரும்ப எரிகிறது என்றால் அதை எரிப்பது வேறு எங்கோ இருக்கிறது. என் ஆசான் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. ஸ்பேனரைத் தொடுமுன் அவரிடம் கேட்டேன்: "சத்தம் ஏதாவது வருமா?" யோசித்துவிட்டுச் சொன்னார்: "காலையில மொதல்ல போடும்போது கீச்சுனு ஒரு சத்தம். அஞ்சு நிமிஷத்துல போயிரும். அதனால கண்டுக்கல."

அந்தக் கீச்சுதான் விஷயம். மோட்டாரின் தண்டு சுற்றும் புஷ் காய்ந்து போனால் குளிர்ந்திருக்கும்போது கீச்சிடும். சூடானதும் கொஞ்சம் இளகி அடங்கிவிடும். ஆனால் பிடிப்பு அடங்கவில்லை. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி நாலில் ஓடவிட்டேன். 24 ஆம்பியர் காட்டியது. அதே மாடல் நல்ல வண்டியில் நான் அளந்தபோது 15-ஐத் தாண்டியதில்லை.

மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. சுற்றும்போது அதுவே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கி, உள்ளே வரும் கரண்டை மட்டுப்படுத்தும். வேகம் குறையக் குறைய அந்தத் தடுப்பு குறையும், கரண்ட் ஏறும். முழுதாகச் சிக்கி நிற்கும் மோட்டார்தான் எல்லாவற்றிலும் அதிகம் இழுக்கும். ரெசிஸ்டரில் ஏறும் சூடோ கரண்டின் வர்க்கக் கணக்கில் ஏறும். ஒன்றரை மடங்கு கரண்ட் போனால் சூடு இரண்டேகால் மடங்கு. இன்னொன்றும் சேர்கிறது. ரெசிஸ்டரைக் காற்றுக் குழாய்க்குள் வைத்திருப்பதே, புளோயர் காற்று அதைக் குளிர வைக்கட்டும் என்றுதான். மோட்டார் தடுமாறினால் காற்றும் குறைகிறது. ஏறும் சூடு ஏறிக்கொண்டே இருக்க, ஆற்றுகிற காற்று இல்லை. புளோயர் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டாலும் காற்று குறைந்து ரெசிஸ்டர் இதே மாதிரி வேகும்.

க்ளவ் பாக்ஸைக் கழற்றிக் கீழே குனிந்து மோட்டாரில் ஒயரைச் சொருகியிருக்கும் கப்ளரை இழுத்தேன். வரவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் வறுத்த முந்திரி நிறத்துக்கு மாறி, ஒரு பின்னோடு உருகி ஒட்டியிருந்தது. மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தி மோட்டாரை இறக்கிக் கவிழ்த்தேன். ஒரு கரண்டி தண்ணீர் கொட்டியது. விசிறிக் கூட்டுக்குள் புளியிலை, அரைத்த துவையல் மாதிரி கறும்பச்சையாக அப்பியிருந்தது. தண்டு துருப்பிடித்திருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? பானெட்டைத் தூக்கினால் முன் கண்ணாடியின் அடியில் ஒரு கறுப்புக் கிரில் இருக்கிறதே, வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. மழைத் தண்ணீரும் அதற்குள் விழும். விழுந்த தண்ணீர் இரு ஓரத்திலும் உள்ள ஓட்டை வழியாக வெளியே வடிந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். தென்மலைப் பக்கத்துத் தேக்கிலை பெரிய இலை, கிரில்லின் மேலேயே தங்கிவிடும். எங்கள் சாலையோரப் புளியிலை அப்படியில்லை, அரிசி போல உள்ளே இறங்கிவிடும். ஓட்டை அடைபட்டது. தண்ணீர் தேங்கி புளோயருக்குள் வழிந்தது. தண்டு துருப்பிடித்தது, கரண்ட் ஏறியது, கப்ளர் உருகியது, கடைசியில் ரெசிஸ்டர் எரிந்தது. மூன்று கடைக்காரர்களும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் ஓட்டையைத் திறந்து, மோட்டாரும் கப்ளரும் புதிதாகப் போட்டு, நாலாவது ரெசிஸ்டரை மாட்டினேன். அது இன்றைக்கும் அதே வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வானொலி என்பதால் சத்தத்தைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேசலாம். உங்கள் வண்டியில் சத்தம் வந்தால் முதலில் இன்ஜினை ஓட்டாமல், சாவியை மட்டும் ஆன் செய்து, ஏசி இல்லாமல் புளோயரை மட்டும் போடுங்கள். ஒன்றிலிருந்து நாலு வரை மெல்லக் கூட்டுங்கள். சத்தமும் கூடவே வேகம் எடுத்தால் அது புளோயர்தான். டரக் டரக் என்று சீட்டுக்கட்டு சைக்கிள் சக்கரத்தில் படுவது போலக் கேட்டால் கூட்டில் இலையோ காகிதமோ சிக்கியிருக்கிறது. டாஷ்போர்டே அதிர்கிற மாதிரி உறுமினால் விசிறியின் ஒரு பக்கம் பாரம் கூடிவிட்டது. மழைக்காலத்தில் அதற்குப் பெரும்பாலும் எலிதான் காரணம். ஒருமுறை ஸ்பாஞ்சும் கவரும் நேந்திரங்காய் சிப்ஸும் சேர்த்துக் கட்டிய முழுக் கூடு ஒன்றை எடுத்திருக்கிறேன். க்ளவ் பாக்ஸின் அடியில் தட்டினால் ஓடுகிறது, பள்ளத்தில் விழுந்தால் நிற்கிறது என்றால் மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்ஜின் ஓடி, ஏசி போட்டால் மட்டும் முன்னாலிருந்து வரும் சத்தம் கம்ப்ரசரிலோ கண்டென்சர் விசிறியிலோ இருக்கும். அதற்காக டாஷ்போர்டைக் கழற்றவே வேண்டாம். வளைவில் திரும்பும்போது களக் களக் என்று தண்ணீர் சத்தம் கேட்டால் கூலிங் காயில் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது. அப்போது இடது பக்கக் கால்மிதியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நனைந்திருக்கும்.

இன்னொரு சத்தம் உண்டு. அதில் நான் தவறு செய்திருக்கிறேன். கடை வைத்த இரண்டாம் வருடம், டிக் டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்று ஒருவர் வந்தார். புளோயர் என்று முடிவு கட்டி மோட்டாரை மாற்றிக் காசும் வாங்கினேன். மறுநாளே வந்து நின்றார், அதே டிக் டிக். அப்போதுதான் அமைதியாக உட்கார்ந்து கேட்டேன். புளோயரை நிறுத்தினாலும் சத்தம் வருகிறது. சாவி போட்டதும் பத்து நொடி, சூடு குளிர் மாற்றும்போது பத்து நொடி, அவ்வளவுதான். உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கதவு ஒன்று இருக்கிறது. அதை அசைக்கும் குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்து, பிடி கிடைக்காமல் தத்திக்கொண்டிருந்தது. மோட்டார் காசைத் திருப்பிக் கொடுத்தேன். புளோயரை நிறுத்திப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவருக்கு ஒருநாள் பிழைப்பு கெட்டிருக்காது. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதேபோல, காற்று குறைகிறது என்று சொல்லும் எல்லோருக்கும் புளோயர் பழுது இல்லை. "கொட்டாரக்கரை போய்ச் சேரும்போது காத்தே இல்ல. டீ குடிச்சிட்டு வந்து போட்டா நல்லா வருது" என்றால், கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டி காற்றை அடைக்கிறது. டீக்கடையில் நின்ற நேரத்தில் ஐஸ் உருகிவிடுகிறது. காயிலின் குளிரை அளக்கும் தெர்மிஸ்டர் தவறாகச் சொல்கிறதா, காயில் அழுக்கா, ஃபில்டர் அடைப்பா என்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போது மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் ஓடவில்லை, கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. உடனே மோட்டார் செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். மீட்டர் கரண்டே இழுக்காது. நூறு இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் ஒயரிலும் அது 12 காட்டும். அதே இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். அது கிட்டத்தட்ட 5 ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கினால் கோளாறு ஒயரிலோ, ரிலேயிலோ, எர்த்திலோ இருக்கிறது. மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது அதன் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்க்க வேண்டிய நேரம். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட ஒயரும் மஞ்சள் கப்ளரும் ஏர்பேக்குடையவை. அவற்றில் டெஸ்ட் லைட் முனையைக் குத்தவே கூடாது.

டிகிரி வைத்தால் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஏசியில் பழைய ரெசிஸ்டர் இல்லை. ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல் வேகத்தை ஆள்கிறது. அது ஷார்ட் ஆனால் சுவிட்சை அணைத்தாலும் புளோயர் முழு வேகத்தில் ஓடும், சில வண்டிகளில் இரவு முழுக்க ஓடிப் பேட்டரியைத் தீர்த்துவிடும். காற்று தானாக ஏறி ஏறி இறங்கினால், உள்வெப்பம் பார்க்கும் சென்சாரின் சின்னச் சல்லடையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டின் மேல் கண்ணாடி ஓரம் கறுப்புப் பொத்தான் போல இருப்பது பல வண்டிகளில் வெயில் சென்சார். கார்த்திகை, மார்கழியில் ஆரியங்காவு, அச்சன்கோவில் போகிற வண்டிகளில் ஐயப்பன் படத்தையும் மாலையையும் சரியாக அதன் மேலேயே வைத்துவிடுகிறார்கள். வண்டி வெயிலே இல்லை என்று நினைத்துக் குளிரைக் குறைக்கும். ஒரு கையளவு தள்ளி வைத்தால் போதும், சாமிக்கும் குறையில்லை.

ஃப்யூஸ் போனால் அதே அளவு ஃப்யூஸ்தான் போட வேண்டும். 30 ஆம்பியர் போட்ட இடத்தில் 40 போட்டுவிட்டு, அப்பாடா நின்றுவிட்டது என்று நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஒயர் 30-க்கு ஏற்ற கனத்தில்தான் இருக்கிறது. ஃப்யூஸ் உருகாவிட்டால் அடுத்து உருகுவது ஒயர். அதைச் சுற்றி இருப்பதெல்லாம் பஞ்சும் பிளாஸ்டிக்கும்.

சாரல் தொடங்குமுன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பானெட்டைத் தூக்கி, கண்ணாடியின் அடிக் கிரில்லில் புளோயர் இல்லாத வலது பக்கமாக ஒரு சொம்பு தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். முன்சக்கரத்தின் பின்னால் அது சொட்டென்று வெளியே வர வேண்டும். இடது பக்கம் அரைச் சொம்பு போதும். வராமல் உள்ளேயே நின்றால், கையை விட்டு இலையை அள்ளுங்கள். மூலையில் ஓட்டை இருக்கும், விரலுக்குத் தட்டுப்படும்.

வணக்கம்.