காற்றில் நின்ற கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் ஆரணியிலிருந்து பேருந்தில் வந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இக்கூடத்தை வாடகையின்றித் தந்ததோடு மின்விசிறிகளையும் பழுதுபார்த்துக் கொடுத்த கொடையாளர் அவர்களே, மேடையேற மறுத்துப் பின்வரிசையில் அமர்ந்துவிட்ட ஓவிய ஆசிரியர் அவர்களே, வேலூர் வாசகப் பெருமக்களே, வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இந்தப் பழமொழி இல்லாமல் நான் பேசியதில்லை என்று செயலாளர் இப்போதே சிரிக்கிறார். இன்றும் வரும், பொறுத்தருள்க.

1919இல் பார்சிலோனாவில் பிறந்து 1995இல் மறைந்த ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் வரைந்த கை தெரியும். 1962இல் இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் அவர் வரையத் தொடங்கிய சித்திரக்கதைத் தொடரே, 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக, 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் நம்மிடம் வந்தது. அவருடைய ஓவியத்தில் கை, கறுப்பு மை, முகங்கள் என மூன்றைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன்.

மின்சாரம் பாய்ந்தால் மாயாவியாகிய நாயகன் கிராண்டேலின் உடல் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் மறையாது. முகமும் தோளும் இல்லாத நாயகனின் சினத்தையும் தயக்கத்தையும் ஐந்து விரல்களைக் கொண்டே ஓவியர் காட்டியாக வேண்டும். விரற்கணுக்களில் கறுப்பு மையை அழுத்தமாகத் தீட்டி, அதையொட்டித் தாளின் வெண்மையைக் கீற்றளவு தொடாமல் விடுவார் பிளாஸ்கோ. தொடாத அந்த இடமே எஃகாக மின்னும். நம் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளியின் பல்லை எடுத்துக்காட்டுவதும் பள்ளத்தில் விழும் நிழல்தானே!

எட்டாம் வகுப்பில் படிக்கையில் கோட்டை அகழியோரம் வறுகடலை வாங்கினேன். பாதி தின்றபின் பார்த்தால், பொட்டலத்தின் உட்புறத்தில் ஒரு கை கதவுப்பிடியைப் பற்றியிருந்தது. கைக்குப் பின்னே ஆள் இல்லை. மீதிக் கடலையைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு, தாளைத் தொடைமேல் வைத்து நீவினேன். உப்பு ஒட்டியிருந்தது, கதையின் தலையும் இல்லை, வாலும் இல்லை. கடலைக்காரரிடம் ஓடி, "அண்ணே, இதுக்கு அடுத்த பக்கம் இருக்குதா?" என்றேன். "கடலை வாங்கினாத்தான் பக்கம் தருவேன், தம்பி" என்றார். பேருந்துக்கு வைத்திருந்த காசில் மூன்று பொட்டலம் வாங்கினேன். இரண்டில் கணக்கு நோட்டுத் தாள். மூன்றாவதில் மளிகைக் கடைப் பற்றுச்சீட்டு! வீட்டுக்கு நடந்தே போனேன்.

அன்பர்களே, அந்தத் தாள்தான் சுவர். அதைப் பொட்டலமாக மடித்துவிட்டால் சித்திரம் ஏது? ஆகவேதான் நம் ஊர் நூலகத்தில் பழைய சித்திரக்கதைகளுக்கெனக் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி வேண்டும் என்று கேட்கிறோம். பரண்மேல் இருப்பதை எடைக்குப் போடுமுன் எங்களிடம் காட்டுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் குற்றமில்லை.

தலைவர் மணியடித்துவிட்டார், கறுப்பும் முகங்களும் அடுத்த கூட்டத்துக்கு நிற்கட்டும். அலமாரி கேட்கும் மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. பேனா ஒன்றுதான், ஆகையால் வரிசையாக வந்து கையொப்பமிட வேண்டுகிறேன். வணக்கம்.