ஒரே ஒரு எழுத்து: 1970 ஹெமி குடா வாங்குறதுக்கு முன்னாடி எங்க பாக்கணும்

(காட்சி: முன் கண்ணாடி வழியா டேஷ்போர்டு மேல ஒரு சின்ன தகடு)

ஹெமி குடான்னா அமெரிக்காவுல கிரைஸ்லர் கம்பெனியோட பிளைமவுத் பிராண்டுல, ஹெமி எஞ்சினோட வந்த பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி. இந்த வண்டியப் பாத்ததும் எல்லாரும் மொதல்ல பானெட்டத்தான் தூக்கச் சொல்லுவாங்க. நீங்க அதுக்கு முன்னாடி டிரைவர் பக்கமா வந்து, கண்ணாடிக்கு உள்ள, வண்டியோட அடையாள நம்பர் இருக்குற இந்தத் தகட்டப் படிங்க. பி எஸ் 23 ஆர் 0 பி, அப்புறம் ஆறு நம்பர். மொத பி பாராகுடா, எஸ் அதுல குடா மாடல், 23 ரெண்டு கதவு ஹார்டுடாப், அதாவது கூரை நிலையா இருக்குற வண்டி, 0 வந்து 1970, கடைசி பி டெட்ராய்ட்ட ஒட்டி இருந்த ஹாம்ட்ராம்க் ஃபேக்டரி. நடுவுல ஒரு ஆர் இருக்கு பாத்தீங்களா, அதான் 426 க்யூபிக் இன்ச் ஹெமி எஞ்சின். அந்த எடத்துல 'என்'ங்கிற எழுத்து இருந்தா 383 க்யூபிக் இன்ச் எஞ்சின். அதுவும் அருமையான எஞ்சின்தான், ஆனா விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஹெமின்னா என்னன்னா, சிலிண்டருக்கு மேல இருக்குற கூரை தட்டையா இல்லாம கொட்டாங்கச்சிய கவுத்து வச்ச மாதிரி குழிவா இருக்கும், அதனால வால்வு ரெண்டும் எதிரெதிர் பக்கம் சாஞ்சு உக்காரும், பெரிய வால்வா போடலாம், காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு நேரா அந்தப் பக்கம் வெளிய போயிரும். ஸ்பார்க் பிளக் உச்சி நடுவுல. அதனாலதான் பிளக் வயர் எல்லாம் வால்வு கவரோட நடுவுலயே உள்ள இறங்குது, பாத்த உடனே ஹெமின்னு சொல்லிரலாம்.

இது ரேஸுக்குன்னே செஞ்ச எஞ்சின். 1964 டேட்டோனா 500 கார் ரேஸ்ல மொத மூணு எடமும் இதுக்குத்தான், ஜெயிச்சது ரிச்சர்ட் பெட்டி. மறுவருஷம் அந்த ரேஸ நடத்துற நாஸ்கார் அமைப்பு இதுக்குத் தடை போட்டுச்சு, அதுக்கப்புறம்தான் கிரைஸ்லர் 1966ல ரோட்டு வண்டிக்கும் இத கொண்டு வந்தாங்க. 7 லிட்டர், ரெண்டு பெரிய கார்புரேட்டர், கம்பெனி கணக்குப்படி 425 ஹார்ஸ்பவர்.

(காட்சி: பானெட் நடுவுல உள்ள ஓட்டை)

எஞ்சினுக்குக் காத்து இழுக்குற இந்த ஸ்கூப்ப பாருங்க, எனக்கு இந்த வண்டியிலயே ரொம்பப் புடிச்ச எடம் இதான். இது பானெட்ல ஒட்டுனது இல்ல, எஞ்சின் மேலயே உக்காந்து பானெட்ல வெட்டுன ஓட்டை வழியா எட்டிப் பாக்குது, அதனால வண்டி நிக்கும்போது ஆக்சிலரேட்டர லேசா தட்டுனா எஞ்சின் ஒரு பக்கமா சாயும்ல, அதோட சேந்து இதுவும் ஆடும். ஷேக்கர்ன்னு பேர் வச்சது அதுக்குத்தான்.

இவ்ளோ நல்ல வண்டி, அப்போ ஏன் கம்மியாதான் வந்துச்சு? ஹெமிக்கு மட்டும் தனியா 870 டாலர் கிட்ட கேட்டாங்க, அதுக்கு மேல சின்னப் பசங்க இப்படி ஒரு வண்டிக்கு இன்சூரன்ஸ் போடப் போனா தலைய சுத்த வைக்கிற தொகை சொன்னாங்க. 1970ல வந்தது ஹார்டுடாப் 652, கூரைய மடக்குற கன்வர்ட்டிபிள் வெறும் 14. 1971ல கன்வர்ட்டிபிள் 11தான், அதோட ஹெமியும் முடிஞ்சுது. அந்த 1971 கன்வர்ட்டிபிள்ல நாலு கியர் மேனுவல் வண்டி ஒண்ணு 2014ல சியாட்டில் ஏலத்துல 35 லட்சம் டாலருக்குப் போச்சு.

இவ்ளோ காசு பொழங்குற எடத்துல போலி இல்லாமயா இருக்கும்? 383 வண்டிய வாங்கி ஹெமிய இறக்கி, தகட்டையும் மாத்தி, பெயின்ட் அடிச்சு நிறுத்திருவாங்க. அதனால அந்த ஆர் மட்டும் பத்தாது. எஞ்சின் பிளாக்லயும் கியர்பாக்ஸ்லயும் தகட்டுல இருக்குற அதே நம்பரோட கடைசிப் பகுதி குத்தியிருக்கணும், ரேடியேட்டர் சப்போர்ட்லயும் அதே நம்பர் இருக்கணும். இடது பக்கம் ஃபெண்டர் உள்பக்கத்துல ஒரு டேக் இருக்கும், அதுல ஈ 74ன்னு இருந்தா ஹெமி. அப்புறம் பில்ட் ஷீட், ஃபேக்டரில எந்த வண்டிக்கு எத மாட்டணும்னு லைன்ல ஓட விட்ட பேப்பர். பின் சீட்டக் கழட்டிப் பாத்தா சில வண்டில ஸ்பிரிங்குக்குள்ள சொருகி, துருக் கறையோட எலி கடிச்சு அப்படியே கெடக்கும். அந்தக் கிழிஞ்ச பேப்பருக்கு நான் புது பெயின்ட்ட விட அதிக மரியாதை குடுப்பேன்.

அந்தக் காலத்துல ரேஸ் விட்டு எஞ்சின ஒடச்சு வேற மாத்துன வண்டியும் உண்டு, அது நெசமான ஆர் வண்டிதான், விலைதான் கொஞ்சம் கொறையும். ஓனர் அத ஒளிக்காம சொன்னா நான் தயங்காம அதத்தான் எடுப்பேன். பயப்பட வேண்டியது நம்பர அரைச்சு அழிச்சிட்டு புதுசா குத்துன பிளாக்குக்கு. அந்த எடம் மட்டும் சுத்தி இருக்குற இரும்பு மாதிரி சொரசொரப்பா இல்லாம வழவழன்னு இருக்கும். டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, அரைச்ச கோடு தெரியும்.