ஃபாலோ போடும்போது கை ஏன் நடுங்குகிறது?

(வண்ணாரப்பேட்டையில் கேரம் பயிலும் பிள்ளைகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தம்பி தங்கைகளுக்கும், பயிற்சி கொடுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

கோல்ஃப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் ஒரு தம்பி சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது. சிரிப்பு நியாயம்தான். கொருக்குப்பேட்டையில் ஏது கோல்ஃப் மைதானம்? நந்தனம் பக்கம் போனால் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் விளையாடுகிறவனின் மனசை ஆராய நினைத்தவர்கள் பலரும் தேடிப் போனது கோல்ஃபைத்தான். அதிலும், பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டிவிடும் 'பட்டிங்' என்ற ஒரே ஒரு அடியை. பந்து அசையாமல் கிடக்கிறது. குழியின் அகலம் 10.8 சென்டிமீட்டர். தடுக்க எதிராளி வரமாட்டான். பெரிய பலமும் வேண்டாம். அப்படியும் உலகத் தர வீரர்கள் நாலடி தூரத்தில் கோட்டை விடுகிறார்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் 1985லும் 1993லும் கோல்ஃபின் பெரிய போட்டியான மாஸ்டர்ஸில் பட்டம் வென்றவர். அவரையே பட்டிங் நடுக்கம் பல வருடம் படுத்தி எடுத்தது. மட்டையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டு தப்பித்தார். அந்த நடுக்கத்துக்கு 'யிப்ஸ்' என்று பெயர். சிலருக்கு அது நரம்புக் கோளாறாகவே இருக்கும்; அவர்கள் பார்க்க வேண்டியது டாக்டரை, என்னை அல்ல.

நம்ம போர்டும் அதே கதைதான். பாக்கெட் 4.45 சென்டிமீட்டர், காய் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். ரெட்டைப் போட்டாச்சு. ரெட் நம் கணக்கில் சேர அடுத்துப் போட்டாக வேண்டிய ஃபாலோ காய் பாக்கெட் வாயிலேயே நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற காய். அதுதான் தவறும்.

கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ், 1992இல் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பார்வை எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார். சுமாரான ஆட்டக்காரரின் கண் பந்து, மட்டை, குழி என்று அலைந்துகொண்டே இருந்தது. தேர்ந்தவரின் கண், அடிக்கும் முன் பந்தின் ஒரே இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு விநாடி நிலைத்தது. பந்து கிளம்பிப் போன பிறகும் அது இருந்த இடத்திலேயே ஒரு கணம் நின்றது. இதற்கு 'க்வயட் ஐ', அதாவது அமைதியான கண், என்று பெயர் வைத்தார்கள். பிறகு இங்கிலாந்தில் சாமுவேல் வைன், மார்க் வில்சன் குழுவினர் இதையே பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடி வைத்தபோதும், இந்தப் பயிற்சி எடுத்தவர்களின் பட்டிங் மற்றவர்களுடையதைப் போல ஆட்டம் காணவில்லை.

ஏன்? பதற்றம் வந்தால் கவனம் சிதறும், அல்லது தன் கையின் மேலேயே திரும்பும். இரண்டாவதுதான் பெரிய வில்லன். சியன் பெய்லாக் என்ற உளவியலாளர் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் "உன் மட்டையின் அசைவைக் கவனி" என்றார். கைதேர்ந்தவர்களின் ஆட்டம் கெட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அது உதவியது. மாடிப்படி இறங்கும்போது அடுத்து எந்தக் கால் என்று யோசித்துப் பாருங்கள், தடுமாறுவீர்கள். பழகிய வேலையை மூளை தானாகச் செய்யும். நடுவில் நாம் போய் மேஸ்திரி வேலை பார்த்தால் கெடும்.

போர்டில் இப்படிச் செய்யலாம் என்பது என் யோசனை. எந்தக் காய், எந்தக் கோடு என்று முதலில் முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு பாக்கெட்டை மறந்துவிடுங்கள். ஸ்ட்ரைக்கர் போய்த் தொட வேண்டிய காயின் விளிம்பில் கண்ணை வையுங்கள். மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி அடியுங்கள். விழுந்ததா என்று கண் உடனே ஓடும், ஓடவிடாதீர்கள். விழுந்தால் சத்தம் கேட்கும்!

நெஞ்சு படபடப்பதை அடக்கப் போராட வேண்டாம். ஹார்வர்டில் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடப் போகிறவர்களும் மேடையில் பேசப் போகிறவர்களும் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்பதைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டபோது நன்றாகச் செய்தார்கள். பயத்திலும் உற்சாகத்திலும் படபடப்பு ஒன்றுதான். பெயரை மாற்றிவிட்டால் போதும்.

மூளை அலையைப் படிக்கும் பட்டையைத் தலையில் மாட்டிப் பயிற்சி தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. பட்டிங் மேம்பட்டதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, பெரும்பாலும் சில பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுகள். அந்தக் காசுக்கு நல்ல ஸ்ட்ரைக்கரும் பவுடரும் வாங்குங்கள். நெருக்கடியில் பழகுவதற்கு நம்ம ஏரியாவில் பஞ்சமே இல்லை. போர்டைச் சுற்றி ஆறு பேர் நின்று "டேய், கட்டு போடுடா" என்று கத்துகிற தெருமுனையை விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் பழகாதீர்கள். தோற்றவன் எல்லாருக்கும் டீ என்று பந்தயம் வைத்தாலும் சரி. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இந்த வடசென்னைப் பெண்தான்.

கடைசியாக, பயிற்சியாளர்களுக்கு. கேம் இடைவேளையில் ஓடி வந்து "முழங்கையைப் பாரு, விரலை மடக்கு" என்கிறீர்களே, அதையெல்லாம் பயிற்சி நாளில் சொல்லுங்கள். போட்டியன்று தண்ணீரைக் கொடுத்து, "எதிராளி எந்தப் பக்கம் தடுமாறுகிறான் பார்த்தியா?" என்று கேளுங்கள். சரி, கேள்வி இருந்தால் கேளுங்கள். சிரித்த தம்பி முதலில்.