தாய்லாந்து ஓய்வு விசா: முத்திரைத் தேதி, 8 லட்சம் பாட், ரீ-என்ட்ரி – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கொஞ்சம் நீளமாகவே கேட்டிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "எனக்கு வயது 58, மனைவிக்கு 47. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டு பேரும் தாய்லாந்தின் சியாங் மாயில் போய்த் தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். ஓய்வு விசா ஒரு வருடத்துக்கு என்கிறார் ஒருவர், 90 நாள்தான் என்கிறார் இன்னொருவர். எது சரி? 8 லட்சம் பாட் வருடம் முழுவதும் வங்கியில் அப்படியே கிடக்க வேண்டுமா? நடுவில் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வரலாமா? மனைவிக்கு 50 ஆகவில்லையே, அவருக்கு என்ன வழி?"

நல்ல கேள்வி ஐயா. உங்களுக்குச் சொன்ன இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 90 நாள் என்றவர் விசாவில் நுழையும்போது கிடைப்பதைச் சொல்கிறார், ஒரு வருடம் என்றவர் அதன் பிறகு அங்கேயே வாங்கும் நீட்டிப்பைச் சொல்கிறார், அவ்வளவுதான். விசா என்பது வாசல் கதவின் சாவி மாதிரி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது அதில் கிடையாது. விமான நிலையத்தில் அதிகாரி உங்கள் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்துவார். அதில் இன்ன தேதி வரை தங்கலாம் என்று போட்டிருக்கும். நீங்கள் அங்கே வாழப்போவது முழுக்க அந்தத் தேதியை வைத்துத்தான். இ-விசா தாளில் இருக்கும் தேதி, அதற்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. பலர் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு முத்திரையைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கவுண்டரை விட்டு நகரும் முன், அங்கேயே நின்று பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் படியுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்வது எளிது. வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால் அலைச்சல்.

உங்களுக்குப் பொருந்தும் வழி இரண்டு. ஒன்று, நான்-இமிக்ரன்ட் ஓ என்ற விசா, சுருக்கமாக நான்-ஓ. அதில் நுழைந்தால் 90 நாள் கிடைக்கும். அந்த 90 நாள் முடிவதற்குள் அங்கேயே உள்ள இமிக்ரேஷன் அலுவலகத்தில் ஓய்வின் அடிப்படையில் ஒரு வருடம் நீட்டிப்பு வாங்க வேண்டும். அப்புறம் வருடா வருடம் அதே நீட்டிப்பு. இன்னொன்று ஓ-ஏ விசா. அதை வெளிநாட்டில் இருந்தபடியே, காவல்துறைச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். நுழையும்போதே ஒரு வருடம் கிடைக்கும். ஆனால் அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீடு எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் தேதி கொடுப்பார்கள். ஆறு மாதக் காப்பீட்டோடு போனால் ஒரு வருடம் எதிர்பார்க்க முடியாது. நான்-ஓ வழியில் நீட்டிப்புக்குக் காப்பீடு கேட்பதில்லை. அதற்காகக் காப்பீடே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். வயது ஏற ஏற எடுப்பது கடினம், 58 வயதில் இப்போதே எடுத்துக்கொள்வது நல்லது.

வருமானம் அதிகம் உள்ளவர்களுக்கு எல்டிஆர் என்று பத்து வருட விசா ஒன்றும் இருக்கிறது. பொதுவாக ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலர் ஓய்வூதியமோ முதலீட்டு வருமானமோ காட்ட வேண்டும். உங்கள் கேள்வியைப் பார்த்தால் அது உங்களுக்கானது இல்லை என்று நினைக்கிறேன், அதனால் விட்டுவிடுகிறேன்.

இப்போது பணத்துக்கு வருவோம். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். நீட்டிப்புக்குத் தேவையான பண வசதியை மூன்று விதமாகக் காட்டலாம். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 8 லட்சம். மாத வருமான வழியில் முன்பெல்லாம் தூதரகம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று இருந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா தூதரகங்கள் அதை நிறுத்திய பிறகு, மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து தாய்லாந்து கணக்குக்குப் பணம் வந்திருப்பதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரு மாதம் 64,000 வந்தால்கூடச் சிக்கல். அதனால் என்னைக் கேட்டால், முடிகிறவர்கள் 8 லட்சம் வழியில் போவதுதான் நிம்மதி.

வருடம் முழுவதும் கிடக்க வேண்டுமா என்றால், 8 லட்சமும் கிடக்க வேண்டாம். 2019 முதல் விதி இதுதான்: நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதம் 8 லட்சம் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகு மூன்று மாதம் 8 லட்சம் இருக்க வேண்டும். மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒரு நாள்கூடக் கீழே போகக் கூடாது. அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்போது பாஸ்புக்கை ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். இடையில் ஒரு நாள் 3,98,000 என்று இருந்தால் அது அங்கே அச்சாகி நிற்கும். அதனால் செலவுக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் ஏடிஎம் அட்டையையே பயன்படுத்தாதீர்கள். கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கட்டும். கூட்டுக் கணக்கு என்றால் தொகை யாருடையது என்ற கேள்வி வரும்.

தேதி போட்டுச் சொன்னால் தெளிவாகும். நீங்கள் ஜனவரி 10 நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முத்திரையில் ஏப்ரல் 9 என்று இருக்கும். ஏப்ரல் 1 வாக்கில் நீட்டிப்புக்குப் போகிறீர்கள். அப்படியானால் பிப்ரவரி 1-க்கு முன்பே 8 லட்சம் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது வந்து இறங்கி மூன்று வாரத்துக்குள் வீடு பிடித்து, வங்கிக் கணக்கு திறந்து, வெளிநாட்டிலிருந்து பணமும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். 90 நாள் இருக்கிறதே என்று முதல் மாதம் கோயில், மலை என்று சுற்றிவிட்டு இரண்டாவது மாதம் வங்கிக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். கணக்கு திறப்பதே சில கிளைகளில் எளிதாக நடக்காது, முகவரிச் சான்று கேட்பார்கள். ஒரு கிளை முடியாது என்றால் அதே வங்கியின் இன்னொரு கிளைக்குப் போய்ப் பாருங்கள். பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வங்கிக் காகிதத்தையும் தொலைத்துவிடாதீர்கள்.

நீட்டிப்பு கிடைத்தால் அடுத்த வருடம் ஏப்ரல் 9 வரை தேதி கிடைக்கும். பழைய தேதி முடியும் இடத்திலிருந்துதான் புதிய வருடத்தை எண்ணுகிறார்கள். அதனால் சீக்கிரம் போனால் நாள் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 30 நாள் முன்பிருந்தே வாங்கிக்கொள்வார்கள், சில அலுவலகங்களில் 45 நாள். கடைசி நாள் வரை காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் மறுநாள் போக நாள் வேண்டாமா?

விண்ணப்பிக்கும் நாள் காலையில் முதலில் வங்கிக்குப் போங்கள். கணக்கில் ஒரு 100 பாட் போட்டு, பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரி அச்சாகும்படி செய்யுங்கள். இருப்பு இவ்வளவு என்று வங்கி கொடுக்கும் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நீட்டிப்பு விண்ணப்பமான டிஎம் 7 படிவம், புகைப்படம், பாஸ்போர்ட் நகல்கள், வாடகை ஒப்பந்தம், 1,900 பாட் கட்டணம். நகல் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டு உரிமையாளர் உங்கள் முகவரியைப் பதிவு செய்த டிஎம் 30 ரசீதும் கேட்பார்கள். நீங்கள் குடி வந்த 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிவு செய்வது உரிமையாளரின் கடமை. ஆனால் அது இல்லையென்றால் கவுண்டரில் நிற்பது நீங்கள்தான். அதனால் வீடு பேசும்போதே கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டும் ஒரு வருடத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கட்டும். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி நீட்டிப்பு தர மாட்டார்கள்.

இதோடு 90 நாள் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது, அதையும் நீட்டிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாட்டை விட்டு வெளியே போகாமல் தொடர்ந்து 90 நாள் இருந்தால், நான் இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று தெரிவிப்பது, அவ்வளவுதான். டிஎம் 47 படிவம், கட்டணம் இல்லை, இணையத்திலும் செய்யலாம். நேரில் என்றால் 15 நாள் முன்பிருந்து, தேதி கடந்து 7 நாள் வரை போகலாம். மறந்தால் 2,000 பாட் அபராதம். முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள், அதில் அடுத்த அறிக்கைக்கான தேதி இருக்கும். அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் பின் செய்து வைத்துக்கொள்கிற சிலர், அதுவரை தங்க அனுமதி இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லவே இல்லை. தங்கும் அனுமதி முத்திரையில் மட்டும்தான்.

சரி, பிள்ளைகளைப் பார்க்கப் போவது. தாராளமாகப் போகலாம், ஆனால் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பர்மிட், அதாவது திரும்பி நுழைவதற்கான அனுமதி, எடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் எல்லையைத் தாண்டினால் உங்கள் ஒரு வருட நீட்டிப்பு அந்த நிமிடமே ரத்து. எத்தனை மாதம் மீதி இருந்தாலும் போச்சு. திரும்பி வரும்போது முதலிலிருந்து விசா, 90 நாள் எல்லாமே மறுபடியும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். நான்கு பயணம் இருந்தால்தானே பல முறை பர்மிட் லாபம் என்று கணக்குப் போடுவீர்கள். கணக்கு சரிதான், இருந்தாலும் நீட்டிப்பு வாங்கும் அன்றே பல முறை பர்மிட்டையும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நம் வயதில் அவசரப் பயணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நள்ளிரவில் போன் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற மனநிலையில் படிவம் நிரப்ப யாருக்கு ஓடும்? பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் கிளம்பும் நாளிலும் பர்மிட் எடுக்கக் கவுண்டர் உண்டு, ஆனால் எல்லா எல்லையிலும் அந்த வசதி இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

திரும்பி வரும்போது பர்மிட் உள்ள பக்கத்தைத் திறந்து அதிகாரியிடம் காட்டுங்கள். பழைய தேதியையே, நம் உதாரணத்தில் ஏப்ரல் 9-ஐயே, அவர் மறுபடி முத்திரையில் போட வேண்டும். கவனிக்காமல் சுற்றுலாப் பயணிக்குக் கொடுக்கும் நாட்களைப் போட்டுவிடுவதும் நடக்கிறது. அதனால்தான் கவுண்டரிலேயே படியுங்கள் என்று முதலில் சொன்னேன். 90 நாள் அறிக்கையின் கணக்கு, திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

தேதி தாண்டிவிட்டால் ஒரு நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. பணத்தோடு போனால் பரவாயில்லை. தாமாகவே விமான நிலையம் போனாலும், 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கியிருந்தால் ஒரு வருடம் நாட்டுக்குள் வரத் தடை. வெளியே எங்காவது சோதனையில் பிடிபட்டால், தாண்டியது ஒரு வருடத்துக்குள்ளாக இருந்தாலும் ஐந்து வருடத் தடை. வீடும் சாமானும் அங்கே இருக்க, நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். "8 லட்சம் உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் கணக்கில் போட்டுக் காட்டுகிறோம், கட்டணம் மட்டும் கொடுங்கள்" என்று வருகிற ஏஜென்ட்டுகள் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பாஸ்போர்ட்டில் பெயர் உங்களுடையது. விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். படிவம் நிரப்ப, வரிசையில் நிற்கத் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வது வேறு, அதில் தவறில்லை.

வரியையும் ஒரு வார்த்தை. ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் தங்கினால் தாய்லாந்தின் வரிக் கணக்கில் நீங்கள் உள்ளூர்வாசி. 2024 முதல், வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அதற்கு வரி உண்டு. 2024-க்கு முன் ஈட்டியதற்கு விலக்கு இருக்கிறது. அதனால் அந்த 8 லட்சத்தைப் பழைய சேமிப்பிலிருந்து அனுப்புங்கள், அது பழைய சேமிப்புத்தான் என்று காட்டும் வங்கி அறிக்கையையும் எடுத்து வையுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. 50 ஆகவில்லை என்பது தடை இல்லை. நீங்கள் ஓய்வின் அடிப்படையில் நீட்டிப்பு வாங்கும்போது, உங்களைச் சார்ந்தவர் என்ற வகையில் அவரும் வாங்கலாம். அவருக்குத் தனியாக 8 லட்சம் காட்ட வேண்டாம். திருமணச் சான்றிதழ் முக்கியம். பதிவுத் திருமணச் சான்று வேண்டும், அதைத் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்த்து முறைப்படி சான்றொப்பம் வாங்க வேண்டும். அந்த வேலைக்கு நாள் பிடிக்கும், கிளம்பும் முன்பே தொடங்கிவிடுங்கள். ரீ-என்ட்ரி பர்மிட், 90 நாள் அறிக்கை இரண்டும் அவருக்குத் தனி. உங்களுடையது அவருக்குச் செல்லாது.

ஆனால் அவருடைய அனுமதி உங்கள் அனுமதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கணக்கும் உங்கள் ஒருவர் பெயரில் இருப்பதால், நீதிமன்ற உத்தரவு வரும்வரை வங்கி பணத்தைத் தராது. புரியாத ஊரில் ஒரு பெண் தனியாக அதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் முதல் வருடத்திலேயே அங்குள்ள வழக்கறிஞரை வைத்துத் தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் ஓர் உயில் எழுதிவிடுங்கள். மனைவி பெயரில் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, ஆறு மாதச் செலவுக்கான பணத்தை அதில் போட்டு வையுங்கள். அவருக்கு 50 ஆனதும், வசதி இருந்தால், அவர் பெயரிலும் 8 லட்சம் வைத்து அவரைச் சொந்தமாகவே ஓய்வு நீட்டிப்புக்கு மாற்றிவிடலாம். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, இப்போதிருந்தே சேர்த்து வைக்கலாம்.

சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.