பேங்கில் 40 லட்சம், கையில் எத்தனை மாதம்?

நேயர்களுக்கு வணக்கம். தொண்டு நிறுவனங்களின் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றின் அறங்காவலர், "பேங்கில் 40 லட்சம் இருக்கு சார், கவலையே இல்லை" என்றார். சரி, இருப்புநிலைக் குறிப்பை எடுங்கள் என்று சொல்லி, இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். வகுப்பறை கட்டுவதற்கென்றே ஒரு கம்பெனி கொடுத்தது 24 லட்சம், அதைச் சம்பளத்துக்குத் தொட முடியாது. வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குடும்பம் எழுதிக் கொடுத்த கார்ப்பஸ் 8 லட்சம். ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய கிராஜுவிட்டிக்கு ஒதுக்கியிருக்க வேண்டியது 2 லட்சம், ஒதுக்கவே இல்லை. மிச்சம் 6 லட்சம்தான். மாதச் செலவோ 3 லட்சம். அடுத்த நன்கொடைத் தவணை ஒரு காலாண்டு தள்ளிப்போனால் மூன்றாம் மாதம் ஆயாம்மாவுக்குச் சம்பளம் கிடையாது.

நீங்கள் ஒரு அறக்கட்டளையில் பொறுப்பில் இருந்தால், இருப்பு எவ்வளவு என்று கேட்காதீர்கள், யாரையும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று கேளுங்கள். அப்புறம், வரவில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள்.

"சேர்த்து வைத்தால் வருமானவரிக்காரர்கள் விடமாட்டார்களே" என்று பலர் பயப்படுகிறார்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம், உண்மைதான், ஆனால் மீதி 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம், 85-க்குள்ளும் செலவாகாத தொகையை இன்ன காரியத்துக்கு என்று முறையாக எழுதிக் கொடுத்து ஐந்து ஆண்டு வரை ஒதுக்கி வைக்கலாம். பலர் இந்த வழியைப் பயன்படுத்துவதே இல்லை, எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்கிற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்கு 50 சதவீதம் வரை என்றிருந்த வரம்பை 2020-இல் 20 ஆக்கினார்கள், அதை மீறக்கூடாது, சரி. ஆனால் கணக்கர் சம்பளத்தையே மிச்சம் பிடித்த இடங்களில்தான் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்க்காத ரசீதுகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பள்ளி இப்போது பொதுநன்கொடையில் ஒரு பங்கை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வருகிறது. போன மார்ச்சில் பார்த்தபோது நாலரை மாதச் செலவுக்குச் சேர்ந்திருந்தது.