கலக்கியின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்

[காட்சி: கண்ணாடித் தொட்டியில் அடர்நீல நீர். நடுவில் கலக்கி சுழல்கிறது.]

குரல்: அயோடினும் ஸ்டார்ச்சும் சேர்ந்ததால் வந்த நீலம் இது. மேலிருந்து தையோசல்பேட் கரைசலை, அயோடின் முழுவதற்கும் தேவையானதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஊற்றுகிறோம். அது போய்ச் சேரும் இடமெல்லாம் நிறம் மறையும். நீலம் எங்கே கடைசிவரை அடம் பிடிக்கிறதோ, அங்கே கலவை மந்தம்.

[காட்சி: நடுவில் ஆழமான சுழி]

சுழியைப் பார்த்தால் பிரமாதமாகக் கலப்பதாகத் தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். நீர் மொத்தமும் ஒரே கட்டியாகச் சுற்றுகிறது. மேலே இருப்பது கீழே வருவதில்லை.

[காட்சி: சுவரையொட்டி நான்கு செங்குத்துத் தகடுகள்]

இவை தடுப்புத் தகடுகள். ஒவ்வொன்றின் அகலமும் தொட்டி விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சுற்றோட்டம் இவற்றில் மோதி மேலும் கீழுமாகத் திரும்புகிறது, சுழி அடங்கிவிடுகிறது. மோட்டார் முன்பைவிட அதிக மின்சாரம் இழுக்கும்தான். ஆனால் அது வீணல்ல, இப்போதுதான் கலக்கும் வேலையே நடக்கிறது.

[காட்சி: வேகமானி 100-லிருந்து 126-க்கு ஏறுகிறது]

தகடே இல்லாத தொட்டியில் பலரும் முதலில் தொடுவது வேகத்தைத்தான். கொந்தளிப்பான ஓட்டத்தில் கலக்கிக்குத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்கிறது. நிமிடத்துக்கு 100 சுற்றை 126 ஆக்கினால் திறன் இரட்டிப்பாகும். கலக்கும் நேரமோ ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். எனக்கு இது நல்ல பேரமாகப் படவில்லை.

[காட்சி: இரு வகைக் கலக்கிகள் அருகருகே]

இடப்பக்கம் ரஷ்டன் டர்பைன்: வட்டத் தட்டின் ஓரத்தில் ஆறு நேர் இதழ்கள். வாயுக் குமிழிகளை உடைக்கக் கெட்டிக்காரன். நுண்ணுயிர்களை வளர்க்கும் நொதிகலன்களில் இதற்கு மவுசு அதிகம். வலப்பக்கம் வளைந்த இதழ் கொண்ட ஹைட்ரோஃபாயில். திரவத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். ஒரே அளவு, ஒரே வேகத்தில் கலக்கி எவ்வளவு திறன் இழுக்கும் என்பதைக் காட்டுவது திறன் எண்: ரஷ்டனுக்குச் சுமார் 5, ஹைட்ரோஃபாயிலுக்குச் சுமார் 0.3. வெறுமனே இரு திரவங்களைக் கலக்க ரஷ்டனை மாட்டி வைப்பது மின்கட்டணத்துக்குத் தானம் செய்வதுதான்.

தேன்போல் கெட்டியான திரவமென்றால் கணக்கே வேறு. தகடுகளுக்குப் பின்னால் சரக்கு தேங்கிவிடும். அங்கே சுவரை ஒட்டிச் சுழலும் நங்கூர வடிவமோ சுருள்பட்டையோதான் சரிப்படும்.

[காட்சி: திரவத்துக்குள் இறங்கும் ஊட்டக் குழாய்]

அதிகம் கவனிக்கப்படாத இடம் இது: தொட்டியில் சேர்க்க வேண்டிய பொருளை, அதாவது ஊட்டத்தை, உள்ளே விடும் குழாய். வேகமான வேதிவினைகளில், கலப்பதற்குள்ளேயே வினை முடிந்துவிடும். மேற்பரப்பில் சொட்டினால் அந்த இடத்தில் மட்டும் செறிவு ஏறி, வேண்டாத துணைப்பொருள்கள் உருவாகக்கூடும். எனவே குழாயைக் கலக்கியின் அருகே, கொந்தளிப்பு மிகுந்த இடத்துக்கே இறக்குகிறார்கள். அங்கேயும் ஒரு சிக்கல்: ஊட்டம் மெதுவாக வந்தால் தொட்டித் திரவம் குழாய்க்குள் ஏறி அங்கேயே வினைபுரியத் தொடங்கும். குழாய் முனையைக் குறுக்கி, ஊட்டம் விசையோடு வெளியேறும்படி வைப்பது அதற்காகத்தான்.